ஆள் மாறிய சாம்பல்

2019 ஜூன் 14 அன்று வெளியான அஷ்வின் சரவணனின் ‘கேம் ஓவர்’ படத்தில், கொலையுண்ட அமுதாவின் சாம்பல் தவறுதலாக ஸ்வப்னாவுக்குப் பச்சை குத்திய மையில் கலந்துவிடுகிறது. மகளின் நினைவாகத் தாய் தன் உடலில் ஏந்த விரும்பிய சாம்பல் அது. பின்னர் ஸ்வப்னா செத்துச் செத்துப் பிழைப்பது ஆவியின் செயலா, அவள் மனத்தின் தோற்றமா என்று ரசிகர்கள் பிரிந்து நின்றனர். ஆவி நுழைந்ததும் வன்முறைக்குள்ளான பெண்ணின் மனவலி மலிந்துவிட்டது என்போரும் உண்டு.

தமிழில் ‘ஆவி’ உயிரையும் குறிக்கும், இறந்தவரின் வடிவையும் குறிக்கும். (வீடியோ கேமில் எஞ்சியிருப்பவையும் உயிர்களே.) அந்தப் பிரிவினை இங்குத் தேவையா? புற்றுநோயை எதிர்த்து வாழத் துடித்தவளின் பிடிவாதம், வாழ்வை முடித்துக்கொள்ள முயன்றவளுக்கு முகவரி மாறிப் போய்ச் சேர்கிறது. இரத்த உறவோ அறிமுகமோ இல்லை. ஆவி என்றாலும் மனம் என்றாலும் இந்தக் கைமாற்றம் பொய்யாவதில்லை. ஸ்வப்னாவின் வலியும் குறைவதில்லை.

முகமூடிக் கொலையாளிகளுக்குக் காரணமே தரப்படவில்லை என்ற குறை மட்டும் நியாயமானது. அவர்களை வீடியோ கேமின் எதிரிகளாகவே படம் விட்டுவிட்டது.