சிங்க் அடைப்பா? காபி ஃபில்டரைப் பாருங்கள்!

ஸ்ரீரங்கத்து அடுக்களையில் சிங்க் அடைத்துக்கொண்டால், நான் முதலில் சந்தேகப்படுவது காபி ஃபில்டரைத்தான். டிகாஷன் இறங்கியபின் மிஞ்சும் சக்கை தண்ணீரில் கரையாது. சிங்குக்கு அடியிலுள்ள வளைகுழாயில் போய் உட்கார்ந்துவிடும். நெய்ப்பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் சேர்ந்தால் சிமென்ட்தான்! கொதிநீர் ஊற்றினால் பிசுக்கு இளகி, சற்றுத் தள்ளிப்போய் மறுபடி உறையும். பிவிசி குழாயும் நெளியும்.

ஆசிட் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து.

அடியில் வாளி வைத்து, வளைகுழாயைத் திருகிக் கழற்றிக் கழுவுங்கள். (ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருந்தால் தொடாதீர்கள்; பிளம்பரிடம் சொல்லிவிடுங்கள்.) சக்கையை இனி மக்கும் குப்பையில் போடுங்கள். திருச்சி மாநகராட்சியின் நுண் உர மையத்தில் அது உரமாகிவிடும். மாடித் தோட்டம் இருந்தால் கொஞ்சம் செடிக்கும் போடலாம்.