எத்தனை ஏபி போதும்?

நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்துப் பொங்கல் விழா, தை பிறந்து ஓரிரு வாரம் கழித்து, வாடகைக்கு இடம் கிடைக்கிற ஒரு சனிக்கிழமையில், ஏதாவதொரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் நடக்கும். அடுத்த ஆண்டுக்கான பாடங்களைப் பிள்ளைகள் தேர்வு செய்வதும் அதே சமயத்தில்தான். அதனால் சர்க்கரைப் பொங்கலுக்கு வரிசையில் நின்றால் முன்னாலும் பின்னாலும் ஒரே பேச்சு. "உங்க பொண்ணு எத்தனை ஏபி எடுக்கிறா?"

ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஏபி என்றால் அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி முதலாண்டுத் தரத்தில் ஒரு பாடம். மே மாதம் நாடு முழுக்கத் தேர்வு. மதிப்பெண் 1 முதல் 5 வரை. கால்குலஸ், வேதியியல், உளவியல் என்று ஏறக்குறைய 40 பாடங்கள் உண்டு. அமெரிக்க வரலாற்றுப் பாடத்தைப் பிள்ளைகள் 'ஏபுஷ்' என்பார்கள். யாரோ தும்மியது போல இருக்கும்.

இது தொடங்கிய கதை வேறு. 1950களின் தொடக்கத்தில் ஆண்டோவர், எக்ஸெட்டர், லாரன்ஸ்வில் என்ற மூன்று பெரிய இடத்துப் பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் பல்கலைக்கழகங்களும் கூடிப் பேசின. கெட்டிக்காரப் பையன்கள் பள்ளியில் படித்ததையே கல்லூரியில் மறுபடி படித்துச் சலித்துப்போகிறார்கள், இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்பதுதான் பேச்சு. ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்தது. 1955இல் காலேஜ் போர்டு பொறுப்பை ஏற்றது. 1956இல் தேர்வு எழுதியவர்கள் சுமார் 1,200 பேர். இன்று ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த லாரன்ஸ்வில் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான்.

படித்ததையே திரும்பப் படிக்க வேண்டாம் என்று வந்த ஏற்பாடு இப்போது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ரட்கர்ஸ் போன்ற மாநிலப் பல்கலைக்கழகங்களில் நல்ல மதிப்பெண்ணுக்கு கிரெடிட் கிடைக்கும். நாலைந்து பாடம் தேறினால் கட்டணத்தில் கணிசமாக மிச்சம். அப்படிக் கணக்குப் போட்டு எடுக்கிற வீடுகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் டார்ட்மத் கல்லூரி 2014இல் சேர்ந்தவர்கள் முதல் ஏபிக்கு கிரெடிட் தருவதையே நிறுத்திவிட்டது. விண்ணப்பத்தைப் படிக்கும்போது கடினமான பாடம் எடுத்திருக்கிறாளா என்று பார்ப்பார்கள். சேர்ந்த பிறகு அந்தப் பாடத்துக்கு கிரெடிட் கிடையாது.

எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங்கில் உட்கார்ந்து எழுந்து வந்தவர்கள். கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியல் சேர்த்து 100, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300க்குக் கட்-ஆஃப் போட்ட காலம். "அரை மார்க்குல கிண்டி போச்சு" என்று இன்னமும் விருந்துகளில் புலம்புகிற ஒருவரை எனக்குத் தெரியும். கொடுமையான முறைதான். ஆனாலும் எதில் போனது, எவ்வளவில் போனது என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிப் புலம்ப முடிகிறது.

இங்கே அந்த வசதி கிடையாது. பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, குணம் எல்லாவற்றையும் மொத்தமாகப் பார்த்து முடிவெடுப்பதாகச் சொல்கிறார்கள். ஹார்வர்டில் விண்ணப்பிக்கும் 100 பேரில் ஐந்து பேருக்குக் கூட இடம் கிடைப்பதில்லை. மார்ச் கடைசியில் வரும் மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்காது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆறு ஏபி எடுத்தும் கிடைக்கவில்லையென்றால், நம் வீட்டில் எட்டு என்று முடிவாகிறது. எட்டு எடுத்தவளுக்கும் இல்லையென்று தெரிந்தால் பத்து. கோடு எங்கே என்று யாரும் சொல்லாத ஓட்டத்தில் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள்?

கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. ஜிபிஏ கணக்கில் கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டர்களுக்குத்தான், அதாவது ஓராண்டுப் பாடம் நான்கு. ஆனால் அதற்கு மேல் எடுத்த பாடங்களும் விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணில் படும். அது போதாதா நம் ஆட்களுக்கு!

இந்தியக் குடும்பங்கள் நிறைந்த வெஸ்ட் வின்ட்சர்-பிளெயின்ஸ்போரோவில் 2015இல் நடந்ததை இங்கே இன்னும் பேசுவார்கள். பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளர் டேவிட் அடர்ஹோல்டு பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் எழுதினார். அதற்கு முந்தைய பள்ளி ஆண்டில் மட்டும் நடுநிலை, உயர்நிலை மாணவர்கள் 120 பேரை மனநலப் பரிசோதனைக்கு அனுப்பப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். உயர்நிலைப் பள்ளியின் இடைத்தேர்வும் இறுதித்தேர்வும் நீக்கப்பட்டன. நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்கான மேம்பட்ட கணக்கு வகுப்பும் போனது. பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் ஆசியர்கள். படிப்பை நீர்க்கச் செய்கிறார்கள் என்று கொதித்தார்கள்.

அந்தக் கோபத்தைப் பேராசை என்று ஒதுக்க எனக்கு மனம் வருவதில்லை. தாத்தா அதே கல்லூரியில் படித்தார் என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஆளில்லை. நன்கொடை கொடுத்துக் கட்டடத்துக்குப் பெயர் வைக்கிற கை இல்லை. மாணவர் சேர்க்கையில் ஆசியர்களுக்குப் பாரபட்சம் காட்டுகிறது என்று ஹார்வர்டு மீது போட்ட வழக்கு 2018இல் விசாரணைக்கு வந்தபோது, 'பெர்சனல் ரேட்டிங்' என்ற குணநல மதிப்பீட்டில் ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளுக்குச் சராசரியாகக் குறைவாகவே விழுந்திருந்தது வெளியே வந்தது. குணத்துக்கு யாரோ மார்க் போடுவார்கள்; படிப்பு ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது என்று பெற்றோர் நினைப்பதில் தப்பென்ன? என் சண்டை பாடத்தைக் கூட்டுகிற அப்பா அம்மாவோடு இல்லை. எவ்வளவு போதும் என்பதை வாய்திறந்து சொல்லாத கல்லூரிகளோடுதான். ஐந்துக்கு மேல் பார்க்க மாட்டோம் என்று நாலு பெரிய கல்லூரிகள் அறிவித்தால் மறுநாளே இந்த ஊரில் பிள்ளைகள் கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்குவார்கள்.

தோழியின் மகள் அடுத்து பதினொன்றாம் வகுப்பு. கால்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, ஏபுஷ், ஆங்கிலம் என்று ஐந்து ஏபி எழுதிக்கொண்டுபோனவள், கவுன்சலரிடம் கெமிஸ்ட்ரியை அடித்துவிட்டுச் செராமிக்ஸ் போட்டுவிட்டாள். ஒரு பீரியடாவது கையில் மண்ணோடு சும்மா இருக்கணும் ஆன்ட்டி என்றாள் என்னிடம். வீட்டில் இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் தோழியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "ஏபி 3-டி ஆர்ட் அண்ட் டிசைன்னு ஒண்ணு இருக்காம்டீ. களிமண் வேலையும் அதுல சேருமாம். உட்கார்ந்து எழுதற பரீட்சைகூடக் கிடையாது, செஞ்சதை போட்டோ எடுத்து அனுப்பினாப் போதுமாம். பன்னண்டாவதுக்கு அதைப் போட்டுடலாம்னு இவர் சொல்றார்."