ஃபால்ஸ் சீலிங் போடுறீங்களா? முதல்ல அந்தக் குட்டி ரிவெட்டைப் பாருங்க!

சனிக்கிழமை மாலை ஆறரை மணி இருக்கும். அத்தையிடமிருந்து போன். "ஏண்டி, எங்க இருக்க? டியூஷன் ரூம்ல சீலிங் விழுந்துடுச்சு!"

சீலிங் என்றதும் கான்கிரீட்தான் பெயர்ந்துவிட்டது என்று பதறிப்போய் ஆட்டோ பிடித்தேன். போய்ப் பார்த்தால், விழுந்தது ஃபால்ஸ் சீலிங். இரண்டு டைல்கள் பெஞ்ச் மீது உடைந்து கிடந்தன. அவற்றைத் தாங்கிக்கொண்டிருந்த வெள்ளைப் பட்டி ஒன்று, ஒரு முனை மட்டும் மேலே மாட்டியபடி ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து மணி பேட்ச் பிள்ளைகள் கிளம்பிப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

என் அத்தை திருவான்மியூரில் வீட்டு மாடியில் பல வருடங்களாக ஏழாவது, எட்டாவது படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறார். வெயில் தாங்கவில்லை என்று போன வருடம்தான் ஃபால்ஸ் சீலிங் போட்டார். உடையாமல் மிச்சமிருந்த ஒரு டைலைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். இரண்டு கிலோவைத் தாண்டியது. அத்தை எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒன்றே ஒன்று கேட்டார். "திங்கட்கிழமை கிளாஸ் வைக்கலாமா, வேண்டாமா?"

இந்த வாரப் பகுதியே அந்தக் கேள்விக்கு விடை தேடிய கதைதான். வேலை செய்து கொடுத்தவர் யார் என்பது இங்கே முக்கியமில்லை. அவர் செய்த தவறு உங்கள் வீட்டு சீலிங்கிலும் இருக்கலாம் என்பதுதான் முக்கியம்.

ரிவெட் உடையல, தகடுதான் கிழிஞ்சிருக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை, சீலிங் வேலையில் இருபது வருட அனுபவமுள்ள ஒரு அண்ணனை அலுவலக நண்பர் மூலம் பிடித்தேன். அவர் ஏணியில் ஏறி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சுவரோரம் ஒட்டிக்கொண்டிருந்த குட்டித் துண்டு ஒன்றைக் கிள்ளி என் கையில் போட்டார்.

"பாருங்க மேடம். ரிவெட் அப்படியே முழுசா இருக்கு. டீயோட தகடுதான் கிழிஞ்சு வெளியே வந்திருக்கு."

புரிந்துகொள்ள, இந்த கிரிட் எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். சுவரைச் சுற்றி எல் வடிவத் தகடு ஒன்றை அடிப்பார்கள். அதுதான் வால் ஆங்கிள். அறையின் நடுவே நீளமாக ஓடுவது மெயின் டீ. கான்கிரீட்டிலிருந்து இறங்கும் கம்பிகள் இதைத்தான் தூக்கிப் பிடிக்கின்றன, பொதுவாக நாலு அடிக்கு ஒரு கம்பி. மெயின் டீக்குக் குறுக்கே மாட்டுவது கிராஸ் டீ. இரண்டுக்கு இரண்டு அடிக் கட்டங்கள் அமையும். கட்டத்துக்குள் டைல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இதில் சுவரோரக் கட்டங்கள்தான் பிரச்னைக்குரியவை. அங்கே டீயை அறையின் அளவுக்கு வெட்டி, அதன் முனையை வால் ஆங்கிளின் திண்ணை மேல் வைப்பார்கள். அந்தத் திண்ணையின் அகலம் சாதாரணமாக 19 முதல் 24 மில்லிமீட்டர்தான். வைத்த டீ நகராமல் இருக்க, இரண்டையும் சேர்த்து ஒரு பாப் ரிவெட் அடிப்பார்கள்.

அதாவது, எடையைச் சுமப்பது கம்பியும் திண்ணையும். ரிவெட்டின் வேலை, டீயை வைத்த இடத்திலேயே நிறுத்தி வைப்பது. அத்தை வீட்டில் டீயை ஒரு விரல்கடை குட்டையாக வெட்டிவிட்டார்கள். பழைய வீடு, சுவர் நேராக இல்லை. டீயின் முனை திண்ணையின் ஓரத்தில் லேசாகத்தான் பட்டுக்கொண்டிருந்தது. அதிலேயே துளை போட்டு, முனையிலிருந்து மூன்று மில்லிகூட விடாமல் ரிவெட் அடித்து, வெள்ளையாகத் தெரிகிறதே என்று விட்டுவிட்டார்கள். போதாததற்குப் பக்கத்துக் கட்டத்தில் எல்.இ.டி. பேனல் வேறு. அதற்குத் தனியாகக் கம்பி கிடையாது. நாளாக ஆக மெல்லிய ஓரம் கிழிந்து, டீ திண்ணையிலிருந்து நழுவிவிட்டது.

"துளையோட நடுவுல இருந்து தகட்டு ஓரம் வரைக்கும் ரிவெட்டோட தடிமனைப் போல ரெண்டு மடங்காவது இருக்கணும்" என்றார் அண்ணன். நாம் வீடுகளில் பார்க்கும் 3.2 மில்லி ரிவெட்டுக்கு இது ஆறரை மில்லி. அந்த இடம் இல்லையென்றால் டீயை மாற்றித்தான் ஆக வேண்டும். ரிவெட்டைப் பெரிதாக்கினால் துளையும் பெரிதாகும், ஓரம் இன்னும் மெலிந்துபோகும். இதைச் செய்பவர்கள்தான் அதிகம் என்று சிரித்தார்.

கடையில் என்ன கேட்டு வாங்குவது?

'பாப்' என்பது உண்மையில் ஒரு பிராண்டின் பெயர். பொதுப்பெயர் பிளைண்ட் ரிவெட். தொப்பி வைத்த ஒரு குட்டிக் குழாய், அதற்குள் ஒரு நீளமான ஆணி, அவ்வளவுதான். ஆணியின் தலை குழாயின் அடுத்த முனையில் இருக்கும். ரிவெட் கன் ஆணியைப் பிடித்து இழுக்கும்போது, அந்தத் தலை குழாயின் முனையை நசுக்கிக் குமிழ் ஆக்கும். இழுவை ஓர் அளவைத் தாண்டியதும் ஆணி 'டக்'கென்று முறிந்து கையோடு வந்துவிடும். தொப்பி ஒரு பக்கம், குமிழ் மறுபக்கம், நடுவில் தகடுகள் இறுகிவிடும். பின்பக்கம் கை போகாத இடத்தில் நட் முறுக்க முடியாதல்லவா? சீலிங்குக்கு இது பொருந்துவதே அதனால்தான்.

தடிமன் 3.2 மில்லி போதும், கடைக்காரர் 1/8 இன்ச் என்று சொல்வார். ஒழுங்காகப் பொருத்திய இந்த அளவு அலுமினிய ரிவெட் பல பத்து கிலோ இழுவையைத் தாங்கும். அதற்கு முன்பே கிழிவது டீயின் தகடுதான்.

நீளத்தில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். கணக்கு டீச்சரின் வீட்டில் நடந்ததால் கணக்காகவே சொல்கிறேன். சேர்க்க வேண்டிய தகடுகளின் மொத்தத் தடிமனோடு, ரிவெட்டின் தடிமனைப்போல் ஒன்றரை மடங்கைக் கூட்டுங்கள். ஆங்கிளும் டீயின் அடிப்பட்டையும் சேர்ந்து ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை மில்லி வரும். 3.2-இன் ஒன்றரை மடங்கு 4.8. கூட்டினால் ஆறு மில்லி சொச்சம். ஆக, 6 மில்லி நீளம் சரியாக இருக்கும். இந்த நீளம் தொப்பிக்குக் கீழே உள்ள குழாயின் நீளம் மட்டுமே, ஆணியைச் சேர்க்கக் கூடாது. டப்பாவின் மேல் எத்தனை மில்லி தடிமனுக்கு அந்த ரிவெட் ஏற்றது என்றும் அச்சிட்டிருப்பார்கள். ஒரு தடவை படித்துவிடுங்கள்.

"பெருசா இருந்தா ஸ்ட்ராங்கா இருக்கும்ல?" என்று நானும் கேட்டேன். 12 மில்லி ரிவெட்டை மெல்லிய தகட்டில் அடித்துக் காட்டினார். குமிழ் கோணலாக மடங்கி, ஒரு வால் மாதிரி மேலே நீட்டிக்கொண்டு நின்றது. கீழிருந்து பார்த்தால் தொப்பி அழகாகத்தான் தெரிகிறது. ஆனால், டைல் உட்கார வேண்டிய இடத்தில் அந்த வால் நிற்கிறதே! டைல் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு ஆடும். சரியான நீளத்திலும் சின்னக் குமிழ் இருக்கத்தான் செய்யும். அந்த இடத்தில் டைலின் ஓரத்தைக் கத்தியால் லேசாகச் சீவிவிட்டால் சமமாக உட்காரும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். நாம் வாங்கும் ரிவெட்டில் பெரும்பாலும் குழாய் அலுமினியம், ஆணி இரும்பு. முறிந்த ஆணியின் நுனி உள்ளேயே தங்கிவிடும். திருவான்மியூர் உப்புக்காற்றில் அது துருப்பிடித்து, வெள்ளைத் தொப்பியின் நடுவே பழுப்புப் புள்ளி வைத்துவிடும். அத்தை வீட்டில் ஏழெட்டு இடத்தில் பொட்டு வைத்திருந்தது. கடலோர வீடு, பாத்ரூம் போன்ற ஈர இடங்களுக்கு ஆணியும் அலுமினியமாக உள்ள ரிவெட்டையோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரிவெட்டையோ கேட்டு வாங்கலாம். விலை கூடத்தான் செய்யும்.

அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்

3.2 ரிவெட்டுக்குத் துளை 3.3 மில்லி. பலரும் 1/8 பிட்டிலேயே துளைபோடுவார்கள். ரிவெட் நுழைய அடம்பிடித்தால், டிரில்லை அப்படியும் இப்படியும் ஆட்டிப் பெரிதாக்குவார்கள். வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடும், அதில் எந்த ரிவெட்டும் இறுகாது. பிட்டை மாற்றச் சொல்லுங்கள், சங்கடப்படாதீர்கள்.

துளை போட்டதும் பிசிறைத் தட்டிவிட வேண்டும். தகடுகள் இரண்டும் ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் இடைவெளி இருந்தால், குமிழ் மேலே வராமல் இரண்டு தகடுகளுக்கு நடுவிலேயே உப்பிவிடும். அண்ணன் ஒரு சின்ன கிளாம்ப் போட்டு இறுக்கிக்கொண்டுதான் கன்னை எடுத்தார். கன்னோடு மூன்று, நான்கு மூக்குகள் வரும், ஆணி சரியாக நுழையும் மூக்கைத்தான் மாட்ட வேண்டும். கன்னைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, தொப்பி தகட்டோடு ஒட்டும்படி அழுத்தி இழுக்க வேண்டும். ஒரே இழுப்பில் ஆணி முறியாவிட்டால், மூக்கை மறுபடியும் தொப்பிவரை அழுத்திவிட்டு இன்னொரு இழுப்பு.

அண்ணாந்து டிரில் போடுவதால் இரும்புத்தூள் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். கண்ணாடி போடாமல் வேலை செய்ய விடாதீர்கள். "பழகிடுச்சு" என்பார்கள், கேட்காதீர்கள். முறிந்த ஆணிகளையும் எண்ணிப் பொறுக்குங்கள். அத்தை ஃபிரிட்ஜிலிருந்த காந்தத்தைக் கழற்றித் தரையில் உருட்டியதில் 23 ஆணிகள் சிக்கின. செருப்பைக் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் வரும் அறை அது.

சரி பார்ப்பதும் எளிதுதான். தொப்பியை நகத்தால் திருகிப் பாருங்கள். சுற்றினால் அது பிடிக்கவில்லை. அதே பிட்டால் தொப்பியைத் துளைத்து எடுத்துவிட்டு, வேறு இடத்தில் புதிதாக அடிக்க வேண்டும்.

நான்கு சுவரிலும் ரிவெட் அடிக்க வேண்டுமா? பத்துக்குப் பதினாலு அடி அறையில் அடித்தால் பரவாயில்லை, பெரிய ஹால் என்றால் யோசிக்கணும் என்பது அண்ணனின் கருத்து. நிலநடுக்க அபாயம் அதிகமுள்ள இடங்களுக்கான அமெரிக்க நடைமுறையான ஏ.எஸ்.டி.எம். இ580, அடுத்தடுத்த இரண்டு சுவர்களில் மட்டும் கிரிட்டைப் பிணைத்து, எதிர்ச்சுவர்களில் 19 மில்லி இடைவெளி விடச் சொல்கிறது. கட்டடம் அசையும்போது கிரிட் முட்டி மடங்காமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. அந்தப் பக்கம் டீ நழுவிவிடாமல் இருக்க அகலமான ஆங்கிளோ, தனி கிளிப்போ வேண்டும்.

எந்த அளவு அறையாக இருந்தாலும் ரிவெட்டிடம் கேட்கக் கூடாத வேலைகள் உண்டு. எல்.இ.டி. பேனலுக்கு எதிரெதிர் மூலைகளில் கான்கிரீட்டிலிருந்து தனிக் கம்பி வேண்டும். மின்விசிறிக்கு கான்கிரீட் ஹூக்தான், கிரிட் பக்கமே போகக் கூடாது. ஜிப்சம் போர்டு சீலிங் போடுபவர்களும் கவனியுங்கள்: மேலே கான்கிரீட்டில் அடிக்கும் கிளீட்டையும் கீழே இறங்கும் ஆங்கிளையும் நட்-போல்ட்டால் இணைப்பதே முறை. அவசரத்தில் அங்கே ரிவெட்டோ கட்டுக்கம்பியோ போட்டால், போர்டு அடித்து மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. மூடும் முன்பே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மாலைக்குள், விழுந்த டீயையும் அதன் பக்கத்து டீ ஒன்றையும் மாற்றியாயிற்று. பேனலுக்குக் கம்பி போட்டாயிற்று. அத்தை ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொரு தொப்பியையும் நகத்தால் திருகிப் பார்த்தார். சுற்றியவற்றுக்குச் சாக்பீஸால் இன்ட்டு மார்க், மொத்தம் ஐந்து. ஜன்னல் பக்கச் சுவரில் மூன்று டீக்கள் குட்டையாகவே இருக்கின்றன. அந்த அளவுக்குப் பட்டி தீர்ந்துவிட்டதால், அண்ணன் புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை கிளாஸ் நடந்தது. ஜன்னல் பக்கக் கட்டங்களிலிருந்து டைல்களைக் கழற்றிக் கீழே அடுக்கிவிட்டு, பெஞ்சுகளை எதிர்ச்சுவருக்கு நகர்த்திப் போட்டிருக்கிறோம்.