தப்பு அடித்தால் தப்பா?



ஜூலை மாதம் நெருங்கிவிட்டால் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரே பேச்சுதான்: "இந்த வருஷம் பி.எம். போறீங்களா?" புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில் இருக்கும் புனித அன்னம்மாள் திருத்தலத்தைத்தான் சொல்கிறேன். மாதாவைப் பெற்ற தாய். நம் பாட்டிமாருக்கு அவள் வெறும் 'அன்னம்மா'. ஜூலை 26 அவளுடைய திருநாள். ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து வைத்து ராத்திரி பஸ் பிடிப்பவர்கள், கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறுபவர்கள், நாலு குடும்பம் கூடி வேன் எடுப்பவர்கள், எல்லாரும் நீங்கள்தான். இதில் ஞானஸ்நானம் பெறாதவர்களும் நிறையப் பேர். நெற்றியில் திருநீறு, கையில் மெழுகுவர்த்தி. மலையடித் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வந்து வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைப்பவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

பஸ்ஸில் கோழிப் பிரட்டல் ஏற்றுகிறோம். பாய் ஏற்றுகிறோம். கைக்குழந்தைக்குத் தொட்டில் சேலைகூட எடுத்துக்கொள்கிறோம். தப்பை ஏற்றுகிறோமா?

ஏன் ஏற்றுவதில்லை? இதைத்தான் இன்று கேட்க வந்தேன். கோபப்படாமல் கேளுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை, கேளுங்கள்.

காப்பார், பந்திங், கேரித் தீவுப் பக்கம் லயங்களில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாரியம்மன் தீமிதிக்கும் தப்பு, கல்யாணத்துக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. வேதக்கார வீடுகளிலும் அப்படித்தான். பெரிய வெள்ளிக்கிழமை அன்று மகனை இழந்த மாதாவுக்காக நம் பெண்கள் அழுத அழுகைக்கு மெட்டு எங்கிருந்து வந்தது? சொந்த வீட்டில் சாவு விழுந்தபோது பாடிய ஒப்பாரியிலிருந்து வந்தது. மேரியம்மாவும் மாரியம்மாவும் பேர் தவிர வேறென்ன வித்தியாசம் என்று கேட்ட கிழவிகள் அவர்கள். (சாமியாருக்குக் கேட்காதபடிதான் கேட்பார்கள்!)

பிறகு தோட்டம் துண்டாடப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. நாம் அடுக்குமாடிக்கு வந்தோம். சாமிப் படங்களைச் சுமந்து வந்தோம், மாதா சுரூபத்தைச் சுமந்து வந்தோம். தப்பை மட்டும் பழைய லயத்துச் சுவரிலேயே மாட்டிவிட்டு வந்துவிட்டோம்.

யாரோ தடுத்தார்கள் என்று மட்டும் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓர் ஆலயம். பெயர் வேண்டாம். மாதா தேர் புறப்படும் நேரத்தில் நாலு பையன்கள் தப்போடு வந்து நின்றார்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்தியவர் அதிகாரியும் இல்லை, வெளிநாட்டுப் பாதிரியாரும் இல்லை. நம்மவர். வேட்டி கட்டிய தமிழர். "இது சாவு மேளம் தம்பி, மாதாவுக்கு ஆகாது" என்றார். உள்ளே கீபோர்டில் ரெடிமேட் தாளம் ஓடிக்கொண்டிருந்தது. அது யாருடைய கல்யாணத்துக்குச் செய்த தாளமோ!

'சாவு மேளம்' என்ற சொல்லுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது? சாதி ஒளிந்திருக்கிறது. வெளிப்படையாகச் சொல்ல வெட்கப்பட்டு மேளத்தின் மேல் போட்டுச் சொல்கிறார்கள். கப்பல் ஏறி வந்த நம் முன்னோரில் பறை அடித்த சாதியில் பிறந்தவர்கள் எத்தனையோ பேர். கடல் கடந்தால் சாதி போய்விடும், ஞானஸ்நானம் வாங்கினால் போய்விடும் என்றார்கள். போனதா? தமிழ்நாட்டில், விழுப்புரம் பக்கம் எறையூரில் செபமாலை மாதா கோவில் இருக்கிறது. 2008 மார்ச் 9 அன்று அங்கே தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்ட விவகாரம் கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஒரே மாதா, ஒரே செபமாலை. சாவு ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதற்குக்கூட அங்கே சண்டை நடந்தது. நமக்கு அவ்வளவு மோசமில்லை என்று சமாதானம் சொல்லாதீர்கள். வாசலில் நின்ற அந்த நாலு பையன்களைக் கேளுங்கள்.

திருச்சபை ஒத்துக்கொள்ளாது என்பதும் பொய். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டின் 119ஆம் பகுதி, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பைக் கொடுக்கச் சொல்கிறது. அறுபது வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. மதுரை இறையியல் கல்லூரியில் 'பரட்டை அண்ணன்' என்ற தியோபிலஸ் அப்பாவு, 2005இல் இறக்கும் வரை நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவரப் பாடுபட்டார். அவர் சீர்திருத்த சபைக்காரர். கத்தோலிக்கர் வேண்டும் என்றால் திண்டுக்கல்லைப் பாருங்கள். சிஸ்டர் சந்திரா நடத்தும் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் காலில் சலங்கையும் தோளில் பறையுமாக ஆடுகிறார்கள். ஒரு கன்னியாஸ்திரிக்கு இல்லாத கூச்சம் நம் பங்கு மன்றத்துக்கு ஏன்?

தமிழ் என்று பேசினால் தொல்காப்பியத்தில் தொடங்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளில் தெய்வத்தோடு பறையையும் சேர்த்திருக்கிறது. மலை நிலமாகிய குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை என்பார்கள். அன்னம்மா இருப்பதும் மலையடியில்தானே?

நம் இயக்கத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதியில் ஆயிரக்கணக்கில் நின்றோம். அதற்குச் சில வாரம் முன்பு, அக்டோபர் 30 அன்று, ஷா ஆலாம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோவிலை உடைத்தபோது வயிறெரிந்தோம். நியாயமான எரிச்சல். ஆனால் 'இந்து உரிமை' என்று பெயர் வைத்ததில், அதே லயத்தில் அதே பால்வாளி தூக்கிய அந்தோணிசாமியின் பிள்ளைகள் எங்கே நிற்பது என்று நாம் சொல்லவே இல்லை. 2015 ஏப்ரலில் தாமான் மேடானில் ஒரு சிறு தேவாலயத்தின் சிலுவையை இறக்கச் சொல்லி ஆட்கள் கூடியபோது நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? "அது அவுங்க பிரச்சினை." இப்படிச் சொல்பவர்தான் ஜூலையில் மெழுகுவர்த்தி வாங்க முதல் ஆளாக நிற்கிறார்!

அந்த மலையடித் தலம் சீன விவசாயிகளும் தமிழ்த் தொழிலாளிகளும் சேர்ந்து வளர்த்தது. பழைய ஆலயம் 1888இல் கட்டியது. அவசரகாலத்தில் அந்த இடமே கறுப்புப் பகுதியாகி, ஆலயம் பல வருஷம் மூடிக் கிடந்தது. மக்கள் மறக்கவில்லை, திரும்பி வந்தார்கள். 2002இல் பெரிய ஆலயம் எழும்பியது. 2019இல் வத்திக்கான் அதற்குச் சிறு பசிலிக்கா தகுதி கொடுத்தது, மலேசியாவிலேயே முதன்முதலாக. அங்கே தமிழிலும் பூசை நடக்கிறது. மொழிக்கு இடம் இருக்கிற வீட்டில் மேளத்துக்கு இடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமா?

உறுமி அடிக்கும் பையன் என்றால் குண்டர் கும்பல் என்று நினைக்கும் நாடு இது. அவன் கையில் இருப்பது குச்சி, கத்தி இல்லை. அவனை நாமும் வாசலில் நிறுத்தினால் யார் உள்ளே கூப்பிடுவார்கள் என்று யோசியுங்கள். கூப்பிட ஆட்கள் இருக்கிறார்கள், எதற்குக் கூப்பிடுவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

எனவே ஜூலைக்கு முன்பே உங்கள் பங்கு மன்றத்தில் எழுந்து கேளுங்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலை லூர்து மாதா ஆலயத்துக்காரர்கள் கேளுங்கள், பிரிக்பீல்ட்ஸ் பாத்திமா மாதா ஆலயத்துக்காரர்கள் கேளுங்கள். ஒன்பது நாள் நவநாளில் ஒரு நாள், தப்போடும் கும்மியோடும் தமிழ்ப் பாட்டு. அவ்வளவுதான். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோவில் கமிட்டியில் இருக்கும் இந்து நண்பர்களும் தங்கள் பக்கம் இதையே கேட்கலாம், அங்கேயும் இந்த 'சாவு மேளம்' பேச்சு இருக்கத்தான் செய்கிறது.

அதற்கு முன், வீட்டில் பாட்டி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து மாதா பாட்டைப் பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்யுங்கள். "எனக்கு ஒன்னும் தெரியாது" என்றுதான் முதலில் சொல்வார். ஆரம்பித்துவிட்டால் நிறுத்தமாட்டார், போனில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.