அடுக்கை எண்ணாதீர்கள், சரக்கைக் கேளுங்கள்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மொட்டை மாடிக்குப் புதுத் தண்ணீர்த் தொட்டி ஏறியது. பளீரென்ற வெள்ளை, பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் '5 லேயர்'. "எந்தச் சரக்குல செஞ்சதுங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அஞ்சு லேயருங்க" என்றார். மறுபடியும் கேட்டேன். "பிளாஸ்டிக்ல என்னங்க இருக்கு, எல்லாம் ஒண்ணுதானே" என்று பேச்சை முடித்துவிட்டார்.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இதே கதைதான். அடுக்கு கூடினால் ஆயுள் கூடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள், ஊரே நம்புகிறது. என் வீட்டு மாடியில் ஒரு கறுப்புத் தொட்டி இருக்கிறது. மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் ஏற்றியது. இன்று அவள் மகன் பள்ளிக்கூடம் போகிறான். பரப்பலாறு அணைத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் மாறி மாறி நிரம்பி, ஒவ்வொரு சித்திரை வெயிலையும் தலையில் வாங்கி, இன்னும் ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. அதற்கு எத்தனை அடுக்கு? ஒன்றே ஒன்று.

இந்தத் தொட்டி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் அடுக்குப் பேச்சு அடங்கிவிடும். ரோட்டோ மோல்டிங் என்பது அதன் பெயர். பிளாஸ்டிக் குருணையை மாவாக அரைத்து, கூடான இரும்பு அச்சுக்குள் கொட்டி, சூளையில் வைத்து இரண்டு திசையிலும் சுழற்றுவார்கள். மாவு உருகி, அச்சின் உட்சுவரில் தானாகப் படிய வேண்டும். வாளி, குடம் செய்யும் இயந்திரம் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தித் திணிக்கும். மட்டமான சரக்கையும் மிரட்டி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். இங்கே அழுத்தம் என்பதே கிடையாது. சரக்கு தன் குணத்தாலேயே ஓடி, ஒன்றோடொன்று இறுகப் பற்ற வேண்டும். அதுவும் சூட்டில் நெடுநேரம் சுழன்றும் கெடாமல் இருக்க வேண்டும். அதனால்தான் உலகெங்கும் இந்தத் தொழிலில் பாலிஎத்திலீன் கோலோச்சுகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அதிலும் எல்.எல்.டி.பி.இ. என்ற வகை. ஏற்கெனவே ஒருமுறை உருகி, வெயிலில் காய்ந்து, காயலான் கடைக்குப் போன வாளியை அரைத்துப் போட்டால் அது எப்படிப் பற்றும்?

பற்றாது என்பதைக் கண்ணாலேயே பார்த்தேன். பக்கத்துத் தோட்டத்தில் சொட்டுநீருக்கு வைத்த பல அடுக்குத் தொட்டி, வால்வு மாட்டிய இடத்தில் வெடித்துப்போனது. ஆக்சா பிளேடால் ஒரு துண்டு அறுத்துப் பார்த்தோம். வெளியே ஒரு காகிதக் கனத்துக்கு நல்ல வெள்ளை. உள்ளே தண்ணீர் படும் பக்கமும் வெள்ளை. நடுவில் சாம்பல் நிறத்தில், நீலமும் சிவப்புமாகப் பொடிப் பொடிப் புள்ளிகளோடு ஒரு குப்பை. விரல் நகத்தை விட்டு நெம்பினால் அடுக்கு தனியாகக் கழன்று வருகிறது. மேல்தட்டில் கெட்டிக் காயை அடுக்கி, அடியில் அழுகலைப் போட்டுக் கட்டிய தக்காளிப் பெட்டிதான் இது. நம் மார்க்கெட்டில் அப்படி ஒரு பெட்டி வந்தால் ஏலம் கேட்பவர் கவிழ்த்துக் கொட்டிவிட்டுத்தான் பேசுவார். முருங்கைக்காயை வளைத்துப் பார்த்து வாங்கும் ஊர், பத்து வருஷம் குடிக்கப்போகிற தண்ணீருக்கு ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குகிறது!

கறுப்பு மட்டம், வெள்ளை உசத்தி என்பது அடுத்த மூடநம்பிக்கை. பாலிஎத்திலீனுக்கு எமன் வெயில். அதிலுள்ள புற ஊதாக் கதிரைத் தடுக்க 2 முதல் 3 சதவீதம் கார்பன் கறுப்பு போதும்; பாசி வளர வெளிச்சமும் உள்ளே போகாது. அந்தக் கறுப்பையும் சரக்கோடு உருக்கிக் கலக்க வேண்டும். வெறுமனே மாவில் போட்டுக் குலுக்கினால் தொட்டியின் வலு குறையும். என் ஒற்றை அடுக்குத் தொட்டி நிற்பது இந்தக் கறுப்பால். தண்ணீர் சுடுகிறதா? நாலு தென்னங்கீற்றை மேலே கட்டுங்கள்.

தொட்டி வைக்கும் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு டன். அதை நாலு செங்கல்லின் மேல் நிறுத்திவிட்டுப் போகிற கொத்தனார்களை என்ன சொல்வது? அடிப்பகுதி முழுவதும் சமதளத்தில் உட்கார வேண்டும். இனி ஸ்டிக்கர் விஷயம். குடிநீர் வைக்க ஏற்றது என்று சொல்லும் 'புட் கிரேடு' வாசகத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம் என்ற நிலைமை வேறு. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் கேரி பேக்கைத் தடை செய்தபோது பிளாஸ்டிக் என்றாலே பாவம் என்று பேசக் கற்றுக்கொண்டோம். எந்தப் பிளாஸ்டிக் எதற்கு என்று கேட்க மட்டும் யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. விலை குறைந்த டெண்டருக்கே தொட்டி வாங்கும் அலுவலகங்களும் கேட்பதில்லை.

கேட்பதற்கு வழி இருக்கிறது. இந்தத் தொட்டிகளுக்கென்றே ஐ.எஸ். 12701 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அந்த எண்ணும் தொட்டியிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரையின் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா, யாருடையது என்பது தெரிந்துவிடும். 'முழுக்கப் புதுச் சரக்கு' என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில், அடுக்கு பத்து இருந்தாலும் வாங்காதீர்கள்.