"இன்னும் எத்தனை வருடம்?"

சிறுநீரகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பிள்ளைகள் எம்மைத் தனியே அழைத்து, "டொக்டர், அப்பாவுக்கு இன்னும் எத்தனை வருடம்?" என்று கேட்பார்கள். ஏதாவது ஒரு புரதத்தை அளந்து சொல்ல முடியாதா என்பது அடுத்த கேள்வி.

அவசரப்படக் கூடாது. கட்டியில் 'கார்போனிக் அன்ஹைட்ரேஸ் 9' என்ற புரதம் குறைவாக இருந்தால் ஆயுளும் குறைவு என்று 2003இல் ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது. கட்டியின் தரத்தையும் இழைய அழிவையும் கணக்கில் எடுத்தால் அப்புரதம் புதிதாக எதையும் சொல்லவில்லை என்று 2007இல் வேறோர் ஆய்வு காட்டியது. இன்று குருதியிலுள்ள 'கிம்-1' புரதம் நம்பிக்கை தருகிறது. ஆனால் அதுவும் வழமையான பரிசோதனையாகவில்லை.

எந்த எண்ணும் நூற்றுக்கணக்கான நோயாளரின் சராசரியே. உங்கள் அப்பாவின் நாட்குறிப்பு அல்ல.

இன்னொன்று. நோயின் பெயரையே அப்பாவிடம் மறைத்துவிட்டு, அவருடைய ஆயுளை எம்மிடம் கேட்பது நியாயமா? அறிய விருப்பமா என்று முதலில் அவரிடமே கேளுங்கள். விரும்பினால் அவரையும் அழைத்து வாருங்கள். சேர்ந்திருந்து பேசுவோம்.