டைல்ஸ் தண்ணியைத் தடுக்காதுங்க!

மும்பையில ஜூன் ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் 2,000 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டும். சென்னையில வருஷம் பூரா பெய்யறதே சுமார் 1,400 தான். அதனால இங்க சுவத்துல எங்க ஈரம் பூத்தாலும் "மழைங்க, என்ன பண்றது"ன்னு பழியைத் தூக்கி வானத்து மேல போட்டுடறோம். சரி, ஒரு சொட்டு மழை இல்லாத மார்ச் மாசத்துலயும் சீலிங்ல திட்டுத் திட்டா படருதே, அது எந்த மழை? பெரும்பாலும் மேல் வீட்டு பாத்ரூம்தான்.

முலுண்டுல 16 வருஷமா குப்பை கொட்டறேன். அதுல 6 வருஷம் சொசைட்டி கமிட்டியில. உத்தியோகம் பேங்க்ல, திட்டு வாங்கறது கமிட்டியில :) நான் இஞ்சினியர் இல்லை. ஆனா இத்தனை வருஷமா லீக்கேஜ் பஞ்சாயத்து பார்த்ததுல ஒண்ணு புரிஞ்சுது. நம்ம ஜனங்க தண்ணி தெரியற இடத்துல காசைக் கொட்டறாங்க, தண்ணி நுழையற இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை.

கறை தெரிஞ்சதும் ஒரு ஆள் வருவார். "டென்ஷன் மத் லோ அண்ணா, தஸ் சால் கேரண்டி"ம்பார். கீழ் வீட்டு சீலிங்கைச் சுரண்டி, பட்டி வச்சு, ஏதோ ஒரு கெமிக்கலை ரெண்டு கோட் அடிச்சுட்டு காசை எண்ணிக்கிட்டுப் போயிடுவார். மேலேருந்து வர்ற தண்ணி நின்னுடுச்சா? இல்லை. ஸ்லாப்புக்குள்ளயே ஊறிக்கிட்டு இருக்கு. உள்ள இருக்கற கம்பி துருப்பிடிக்குது. துரு, தான் தின்ன இரும்பை விடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது உள்ளேருந்து கான்கிரீட்டைப் பிளந்துகிட்டு வெளியே வரும். பழைய கட்டடங்கள்ல சீலிங் பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டுதே, பார்த்திருப்பீங்க. குழந்தை தூங்கற கட்டிலுக்கு மேல அது நடக்கலாம். இதை வெள்ளையடிச்சு மூடறதுக்குப் பேர் ரிப்பேரா? சீக்காளி மேல வேட்டி போர்த்தற வேலை.

அடுத்தது மேல் வீட்டுக்காரர். "எங்க பாத்ரூம்ல புது டைல்ஸ் போட்டாச்சே, எப்படி ஒழுகும்?"னு அடிச்சுக் கேட்பார். டைல் ஒழுகாதுங்க, வாஸ்தவம். நல்ல விட்ரிஃபைடு டைல் தன் எடையில அரை சதவீதம்கூடத் தண்ணி குடிக்காது. ஆனா ரெண்டு டைலுக்கு நடுவுல இருக்கறது சிமெண்ட். சிமெண்ட் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கற மாதிரி தண்ணியை இழுக்கும். அதுவும் பல மிஸ்திரிங்க அதுல வெள்ளை சிமெண்ட்டைக் குழைச்சுப் பூசிட்டுப் போயிடறாங்க. அது சுருங்கி விரிசல் விட்டுடும். போதாக்குறைக்கு வாராவாரம் பாத்ரூம் ஆசிட்டை ஊத்திப் பளபளன்னு கழுவறோம். அந்த ஆசிட் சிமெண்ட்டைத் தின்னும். டைல் மின்னும், ஜாயின்ட் கரையும்.

"அதுக்குத்தான் சீலர் இருக்கே"ன்னு கேட்பீங்க. இருக்கு. சிலேன், சிலாக்ஸேன் வகை மருந்து நல்ல சரக்குதான். துளையை அடைக்காது, துளையோட உள்சுவத்துல ஒட்டிக்கிட்டுத் தண்ணியை உறிய விடாம பண்ணும். உள்ள இருக்கற ஈரம் ஆவியா வெளியே போகவும் வழி விடும். மழை அடிக்கற வெளிச்சுவர் செங்கலுக்கு, கான்கிரீட்டுக்கு அருமை. ஆனா விரிசலை அது மூடாது, தேங்கி நின்னு அழுத்தற தண்ணியையும் நிறுத்தாது. ஈரச் சுவர் மேல பெயிண்ட் மாதிரி படலமா அடிக்கற கோட்டிங் இன்னும் மோசம். கொதிக்கற பானைக்கு மூடி போட்டாப்ல உள்ளயே ஈரத்தைப் பிடிச்சு வச்சு, கொப்புளம் கொப்புளமா உரிஞ்சு வரும். எபாக்ஸி கிரவுட் ஜாயின்ட்டுக்கு நிஜமாவே நல்லது, சாதா ஆசிட்டுக்கெல்லாம் அசையாது, விலைதான் பல மடங்கு. ஆனா குழாய் சுவத்துக்குள்ள போற ஓட்டையும், நஹானி ட்ராப்பைச் சுத்தி இருக்கற இடுக்கும் திறந்து கிடந்தா எபாக்ஸி என்ன பண்ணும்?

தண்ணியைத் தடுக்க வேண்டியது டைலுக்கு அடியில இருக்கற கோட்டிங். இங்க நிறைய ஃபிளாட்டுல பாத்ரூம் ஸ்லாப்பைப் பள்ளமா இறக்கிக் கட்டி, செங்கல் துண்டைக் கொட்டி நிரப்பிடுவாங்க. ஜாயின்ட் வழியா இறங்கற தண்ணி அந்தப் பள்ளத்துல குளம் கட்டி நிக்கும். அந்தப் பள்ளத்துக்கும், மேல தரைக்கும் கோட்டிங் அடிச்சு, சுவர் மேல ஒரு அடியாவது ஏத்தி, மூலைகளை மூடி, தரைக்கு ட்ராப்பைப் பார்த்து வாட்டம் கொடுக்கணும். அப்புறம், டைல் ஒட்டறதுக்கு முன்னாடி, வடிகாலை அடைச்சு ரெண்டு அங்குலம் தண்ணி கட்டி ரெண்டு நாள் வைக்கணும். கீழ் வீட்டு சீலிங் காஞ்சு இருந்தாத்தான் டைல்.

இதை எத்தனை பேர் செய்யறோம்? நாலு ஞாயித்துக்கிழமை கடை கடையா ஏறி இறங்கி டைல் பார்க்கறோம். ஐவரியா, பீஜான்னு வீட்டுல பட்டிமன்றமே நடக்குது. கோட்டிங் அடிக்கற அன்னிக்கு மட்டும் ஆபீஸ்ல லீவு கிடைக்காது. மிஸ்திரியோ ரெண்டு நாள் தண்ணி கட்டினா ரெண்டு நாள் கூலி போச்சேன்னு பார்ப்பான். ஊர்ல தாத்தா காலத்து மெட்ராஸ் மொட்டைமாடியை நினைச்சுப் பாருங்க. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து போட்டு, கடுக்காய்த் தண்ணி தெளிச்சு, நாள்கணக்கா அடிச்சு இறுக்கி, வாட்டம் பார்த்த பிறகுதான் தட்டோடு. தட்டோடு மட்டும் மழையைத் தடுக்கும்னு அந்தக் கொத்தனார் யார்கிட்டயும் சொல்லலை.

புது ஃபிளாட்டுக்காரங்களுக்கு இன்னொண்ணு. 2016 ரெரா சட்டம், பிரிவு 14(3). ரெரா வரம்புல வர்ற பிராஜெக்ட்டா இருந்தா, சாவி வாங்கின 5 வருஷத்துக்குள்ள வேலைக்குறையைச் சொன்னா, பில்டர் 30 நாள்ல தன் செலவுல சரி பண்ணித் தரணும். நம்மாளுங்க என்ன பண்றாங்க? "வாடகைக்கு விடணும், கறை தெரியக் கூடாது"ன்னு சொந்தக் காசுல பெயிண்ட் அடிச்சு, சாட்சியை அவங்களே அழிச்சுடறாங்க. கறையைத் தேதி போட்டு போட்டோ எடுங்க. எழுத்துல புகார் கொடுங்க, கைப்பட ரசீது வாங்குங்க. அஞ்சு வருஷம் தாண்டினவங்க சொசைட்டிக்கு எழுதுங்க. மஹாராஷ்டிரா மாதிரி விதிகள்படி மழைத்தண்ணிக் கசிவும் வெளிப்பக்கப் பொதுக் குழாய்க் கசிவும் சொசைட்டி செலவு, வீட்டுக்குள்ள இருக்கற டாய்லெட், சிங்க் கசிவு அந்த வீட்டுக்காரர் செலவு. எந்தக் கசிவுன்னு கண்டுபிடிக்க பாத்ரூம் தரையில கலர் தண்ணி கட்டிப் பார்த்தா போதும், சண்டை பாதி அடங்கிடும். கலர் பொடி பத்திருபது ரூபாய்தான்.